நுங்கு வண்டியும் ரெண்டு பிள்ளைங்களும்: நட்பு பத்தின ஒரு படக்கதை புக் உருவான நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு. முக்காவாசி வீட்ல பீடி சுத்துறாங்க. அங்க ஒரு அண்ணன் தன் வீட்டு மாடியில சாயங்கால வாசிப்பு மையம் ஒண்ணு பல வருஷமா நடத்திட்டு வர்றாரு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க பையோட அப்படியே அங்க ஏறிருவாங்க. புக்குக்கு பஞ்சம் கெடையாது. நேஷனல் புக் ட்ரஸ்ட் புக்கு இருக்கு, 1996ல சென்னையில ஆரம்பிச்ச தூலிகா பதிப்பகத்தோட புக்கு இருக்கு, 2023ல அரசு கொண்டு வந்த வாசிப்பு இயக்கத்தோட நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா வர்ற வரிசையும் பள்ளிக்கூடத்துல இருக்கு. ஆனா தங்க ஊரு, தங்க வீடு, அம்மா மடியில பீடித்தட்டு வச்சு உக்காந்திருக்கிற திண்ணை, இதெல்லாம் வர்ற படக்கதை ஒண்ணு கூட அந்த அலமாரியில இல்ல.

பக்கத்து ஊரு ஆரம்பப்பள்ளி டீச்சர் ஒருத்தங்க பொங்கல் லீவுல ஒரு கதை எழுதிட்டு வந்தாங்க. எட்டு வயசு பொண்ணுங்க ரெண்டு பேரு, ஒருத்தி ஓயாம பேசுறவ, இன்னொருத்தி ஊருக்கு புதுசா வந்தவ, வாயே தொறக்க மாட்டா. ரெண்டு பேரும் சேந்து, வெறும் நுங்குக்காய் ரெண்ட கோத்து தள்ளிட்டு ஓடுற நுங்கு வண்டி செய்றாங்க, சண்டை வருது, வண்டி ஒடையுது, திரும்ப சேந்துக்கிறாங்க. மையத்துல படிச்சு முடிச்ச பழைய பிள்ளைங்க சிலர், இப்ப வெளியூர்ல வேலையில இருக்காங்க, பணம் போட்டாங்க. படம் வரைய சென்னையில இருந்து ஓவியக் கல்லூரி முடிச்ச ஒரு பொண்ணு ஒத்துக்கிச்சு, அதுக்கு இதான் முதல் புக்கு. நான் லேஅவுட்டும் பிரஸ் வேலையும் பாத்தேன். மே மாச லீவுக்குள்ள புக்கு பிள்ளைங்க கையில இருக்கணும்னு திட்டம்.

இத எழுதுறதுக்கு காரணம், இப்ப நெறைய டீச்சர்ங்க, வாசிப்பு மையங்க சொந்தமா புக்கு போட ஆசைப்படுறாங்க, அவங்க இதே வழியிலதான் வரணும், எங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா உதவும்.

முதல் வாசிப்புல கவனிச்சது

டீச்சர் எழுதுனது ஆயிரம் வார்த்தைக்கு மேல. கதை நடக்குற நேரம் சித்திரை, வெயில், பனங்காடு, எல்லாம் எழுத்துலயே வந்திருந்துச்சு, கடைசி பக்கத்துல பாட்டி ஒருத்தங்க வந்து நட்புன்னா என்னன்னு பேத்திக்கு எடுத்துச் சொல்லி முடிப்பாங்க. நம்ம ஊருல பிள்ளைங்க கதைன்னா கடைசில நீதி வரணும்னு எல்லாருக்கும் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கு, டீச்சரும் அப்படித்தான் படிச்சு வளந்தவங்க, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல.

படம் வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட வாசிச்சு பாக்கணும்னு மையத்து அண்ணன் ஒரே பிடியா நின்னாரு. ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் ஓரமா உக்காந்து பிள்ளைங்க என்ன கேக்குறாங்க, எங்க நெளியிறாங்கன்னு பேப்பர் மார்ஜின்ல குறிச்சுக்கிட்டே வந்தாரு. எளிமையான வேலைதான், ஆனா இந்த புக்குல நல்லதா வந்த எல்லாமே அந்த மார்ஜின் குறிப்புல இருந்து வந்ததுதான்னு நான் நம்புறேன்.

பாட்டி பேச ஆரம்பிச்ச உடனே பாதி பிள்ளைங்க எந்திரிச்சு பைய எடுத்துக்கிட்டாங்க. அவங்கள பொறுத்தவரைக்கும் வண்டி சரியான உடனே கதை முடிஞ்சிருச்சு.

அத விட பெரிய விஷயம் நடுவுல வந்துச்சு. பேசுற பொண்ணு கோவத்துல வண்டிய ஒடைக்கிற இடத்துல மூணாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு, "டீச்சர், அவ எதுக்கு ஒடச்சா?"ன்னு கேட்டுச்சு. எழுத்துல ஏதோ வாய்த்தகராறுன்னு மட்டும்தான் இருந்துச்சு. டீச்சர் பதில் சொல்றதுக்குள்ள இன்னொரு பிள்ளை, "மத்தவ வேற ஒருத்தி கூட வெளையாட போயிருப்பா, அதான்"ன்னு சொல்லிருச்சு, சுத்தி இருந்த எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எட்டு வயசுல வர்ற சண்டையில முக்காவாசி இதுதான், அவ கூட சேந்தா எங்கூட சேராத, கா விட்டாச்சு, அவ்வளவுதான். பெரியவங்க எழுதுற நட்புக் கதைங்கள்ல இந்த பொறாமை அநேகமா வர்றதே இல்ல, பிள்ளைங்க நல்லவங்களாவே இருக்கணும்னு நெனச்சு அத விட்டுர்றோம், அப்புறம் சண்டைக்கு காரணமே இல்லாம போயிருது, காரணம் இல்லாத சண்டைக்கு சமாதானமும் ஒட்டாது.

இன்னொரு பையன் சொன்னது வெறும் வண்டி சம்பந்தப்பட்டது. கீழ போட்டு மிதிச்சா ஒரு காய்தான் ஒடையும், ரெண்டும் எப்படி ஒடையும்னு கேட்டான். இதுவும் மார்ஜின்ல ஏறுச்சு.

கதையில எடுத்த முடிவுங்க

டீச்சர் பாட்டி பக்கத்த எடுக்க சம்மதிக்க சில நாள் ஆச்சு. நீதி இல்லாம குடுத்தா மத்த டீச்சர்ங்க வாங்க மாட்டாங்கன்னு அவங்களுக்கு நெசமாவே ஒரு பயம், அது நியாயமான பயம்தான், பின்னாடி அப்படியே நடந்துச்சு, அத கீழ சொல்றேன். ஆனா பிள்ளைங்க எந்திரிச்சு போனத அவங்க கண்ணால பாத்திருந்தாங்க, அதனால கடைசில எடுத்துட்டாங்க.

மூணாவதா ஒரு பொண்ணு கதைக்குள்ள வந்தா. புதுசா வந்தவ அவகூட பாண்டி ஆடப் போறா, பேசுறவ அத தூரத்துல இருந்து பாக்குறா, வண்டிய மிதிச்சு ஒடைக்கிறா. அந்தப் பையன் சொன்ன மாதிரி ஒரு காய்தான் ஒடையுது, இன்னொண்ணு முழுசா கெடக்கு, புதுசா வந்தவ அத எடுத்து வீட்டுக்கு கொண்டு போயிர்றா. பேசுறவ சாரி சொல்றதில்ல. வேற ஒரு நுங்குக்காய தேடி எடுத்துக்கிட்டு அவ வீட்டுத் திண்ணையில கொண்டு வைக்கிறா. நுங்கு வண்டிக்கு ரெண்டு காய் வேணும், ஒருத்திகிட்ட ஒண்ணு, இன்னொருத்திகிட்ட ஒண்ணு. இதுக்கு மேல யாரும் எதையும் சொல்ல வேண்டிய தேவை இல்லாம போச்சு, டீச்சர் இந்த முடிவ எழுதிட்டு வந்த அன்னைக்கு எங்க எல்லாருக்குமே புக்கு கெடச்சிருச்சுன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் வார்த்தைய கொறைக்கிற வேலை. பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ங்கிற கதை இணையதளத்துல வாசிக்கிற லெவல நாலா பிரிச்சிருக்காங்க, அதுல ரெண்டாவது லெவலுக்கு 600 வார்த்தை வரைக்கும் போகலாம். நாங்க அத ஒரு உச்சவரம்பா மட்டும் வச்சுக்கிட்டு, படம் சொல்றத எழுத்து திரும்ப சொல்லக்கூடாதுன்னு ஒரே ஒரு சட்டம் போட்டோம். வெயில் அடிச்சது, பனமரம் நின்னது, அவ முகம் வாடுச்சு, எல்லாம் போச்சு. 300க்குள்ள வந்து நின்னுச்சு. பேச்சு வர்ற எடத்துல அந்த ஊரு பேச்சு, மத்த எடத்துல எளிய எழுத்துத்தமிழ்னு வச்சோம். பொண்ணுங்களுக்கு ரெண்டெழுத்து பேரு, எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு பேருலயே மூச்சு வாங்கக்கூடாது, பேர பாத்து ஜாதி என்னன்னு யோசிக்கவும் எடம் இருக்கக்கூடாது.

பக்கக் கணக்கும் டம்மியும்

படக்கதை புக்குன்னா 32 பக்கம்ங்கிறது உலகம் முழுக்க ஒரு வழக்கம், 16 பக்க ஃபார்மா, அதாவது பெரிய தாள அச்சடிச்சு மடிச்சா வர்ற கட்டு, ரெண்டு சேந்தா வர்ற கணக்கு அது. எங்க பட்ஜெட்டுக்கு 24 பக்கம், தனி அட்டை, நடுவுல பின். சென்டர் பின் அடிக்கிற புக்குக்கு பக்கம் நாலோட மடங்குல இருக்கணும், இது தெரியாம 22 பக்கத்துக்கு கதைய பிரிச்சுட்டு பிரஸ்ல போயி முழிக்கிறவங்கள பாத்திருக்கேன்.

முதல் பக்கம் தலைப்பு, 2-3ல ஆரம்பிச்சு 22-23 வரைக்கும் பதினோரு ஜோடிப் பக்கம், 24ல நுங்கு வண்டி எப்படி செய்றதுன்னு படம். ஏ4 பேப்பர மடிச்சு பின் அடிச்சு ஒரு டம்மி செஞ்சு, பென்சில்ல குச்சி மனுஷங்க வரைஞ்சு, பக்கத்த திருப்பித் திருப்பி பாத்தோம். ஸ்க்ரீன்ல பாக்கும்போது தெரியாத விஷயம் டம்மில தெரியும், பக்கம் திருப்புற அந்த ஒரு நொடிதான் படக்கதையில சஸ்பென்ஸே. வண்டி ஒடையிறது முதல்ல வலது பக்கத்துல வந்துச்சு, அப்ப இடது பக்கத்த படிக்கும்போதே கண்ணு அங்க போயிருது. அதனால 10-11ல அவ தூரத்துல நின்னு பாக்குற மாதிரி நிறுத்தி, திருப்புனா 12-13ல எழுத்தே இல்லாம ரெண்டு பக்கத்துக்கும் ஒடைஞ்ச வண்டி மட்டும்.

12-13ன்னு தேர்ந்தெடுத்ததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 24 பக்க சென்டர் பின் புக்குல நடுப்பக்கம் மட்டும்தான் ஒரே தாள். மத்த ஜோடிப் பக்கம் எல்லாம் வேற வேற தாள்ல இருந்து வந்து மடிப்புல சேருது, மடிக்கிறதுல கொஞ்சம் நகந்தா படம் ஒட்டாது. அதனால மத்த எந்தப் பக்கத்துலயும் முகமோ கையோ மடிப்பு மேல விழக்கூடாதுன்னு ஓவியர்கிட்ட முதல்லயே சொல்லிட்டோம்.

படம் வரைஞ்ச கட்டம்

இங்கதான் காலம் போச்சு. தை, மாசியில நுங்கு கிடையாது. ஓவியர் நுங்கு வண்டிய நேர்ல பாத்ததில்ல, யாரோ சொன்னத வச்சு நாலு சக்கரம், கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வரைஞ்சு அனுப்புனாங்க. பிள்ளைங்க பாத்த உடனே, "எக்கா, இத இழுக்க மாட்டாவ, தள்ளத்தான் செய்வாவ"ன்னுட்டாங்க. நுங்க நோண்டித் தின்ன வெறும் காய் ரெண்ட ஒரு குச்சியில கோத்து, நீளமான கவட்டைக் குச்சிய நடுவுல குடுத்து தள்ளிட்டு ஓடணும், அதான் வண்டி. சீசன் வந்து பிள்ளைங்க செஞ்சு ஓட்டி வீடியோ எடுத்து அனுப்புற வரைக்கும் வண்டி வர்ற பக்கங்கள நிறுத்தி வச்சோம். மே மாசத்துக்கு புக்கு வராதுன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு, அவசரத்துக்கு தப்பா வரையிறத விட தள்ளிப்போகட்டும்னு முடிவு பண்ணோம். அந்த ஊரு பிள்ளைங்களுக்காகவே போடுற புக்குல அவங்க வண்டிய தப்பா போட்டா அந்த புக்கு எதுக்கு.

பீடி சுத்துற அம்மாவும் அப்படித்தான். முதல் படத்துல தட்டு தரையில இருந்துச்சு, மடியில இருக்கணும். கா விடுறது, பழம் விடுறது, ரெண்டுக்கும் விரல காட்டுற விதம் ஊருக்கு ஊரு மாறும், அதனால பிள்ளைங்களையே செஞ்சு காட்டச் சொல்லி, பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு, கைய மட்டும் போட்டோ எடுத்து அனுப்புனோம்.

நெறம் பத்தி தனியா சொல்லணும். முதல் கலர் படத்துல ரெண்டு பொண்ணுங்களும் வெளுப்பா ரோஸ் கன்னத்தோட இருந்தாங்க. ஒரு பிள்ளை ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது நம்ம ஊரு பிள்ளையே இல்ல"ன்னு சொல்லி பேப்பர திருப்பிக் குடுத்துருச்சு. ஓவியர் வேணும்னு செஞ்சதில்ல, படிச்ச காலத்துல இருந்து கையில வந்துட்ட ஒரு வழக்கம், விஷயம் போனதும் தாமதிக்காம மாத்தி வரைஞ்சாங்க. கறுப்புலயே மூணு பொண்ணுக்கும் மூணு வேற வேற நெறம், எண்ணெய் வச்ச தலை, காதுல வேப்பங்குச்சி. ரெண்டாவது தடவ அந்த பிள்ளை படத்த திருப்பிக் குடுக்கல, தனக்கு ஒரு காப்பி வேணும்னு கேட்டுச்சு.

ரெண்டாவது வாசிப்பு டம்மிய வச்சு நடந்துச்சு. அதுல வந்த ஒரே கேள்வி, "கடைசில அந்த மூணாவது பிள்ளை எங்க போச்சு?" ரெண்டு பேரும் சேந்துட்டாங்க, அவள எல்லாரும் மறந்துட்டோம். 22-23ல மூணு பேரும் வர்ற மாதிரி மாறுச்சு, எழுத்துல ஒரு வரி கூட சேக்கல.

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம்

எல்லாரும் தெரிஞ்சவங்க, நல்ல காரியம், எதுக்கு பத்திரம்னு பேச்சு வந்துச்சு. நான் வேணும்னு சொன்னேன். 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமைய மாத்திக் குடுக்கிறது எழுத்துல இருக்கணும், கால அளவு போடலேன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க, எந்த எல்லைக்குன்னு போடலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்குவாங்க. எழுதுனவங்க பேரு, வரைஞ்சவங்க பேரு போடுறதும், படைப்ப சிதைக்கக் கூடாதுங்கிறதும் 57வது பிரிவுல தனியா இருக்கு. ஒரு பக்கத்துல எழுதுனோம்: அட்டையில ரெண்டு பேரு பேரும் ஒரே அளவு எழுத்துல, உரிமை ரெண்டு பேருக்கும், மையத்துக்கு அச்சடிக்கிற அனுமதி மட்டும், மூல ஓவியம் ஓவியர்கிட்டயே, வேற மொழியில போட்டா ரெண்டு பேரையும் கேக்கணும். வரைஞ்சவங்களுக்கு பணம் மூணு தவணை, ஸ்கெட்ச் முடிஞ்சதும், கலர் முடிஞ்சதும், பிரஸ்ஸுக்கு போனதும். படம் வரையிறவங்கள ஏதோ கூட வந்த ஆளு மாதிரி நடத்துற வழக்கம் நம்மகிட்ட இருக்கு, பாதி கதைய அவங்கதான் சொல்றாங்க.

அச்சு

சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ். டீச்சர் யூனிகோடுல டைப் பண்ணிருந்தாங்க, பிரஸ்ல பழைய ஃபான்ட் சாஃப்ட்வேர், ஃபைல மாத்துனா கொம்பும் காலும் எடம் மாறி "கொ", "போ" எல்லாம் செதறுது. அதனால பக்கம் அடுக்குற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல, தமிழ் எழுத்த ஒடையாம சேக்குற வேர்ல்ட் ரெடி கம்போசர் போட்டு நானே அடுக்கி, எழுத்த எல்லாம் அவுட்லைனா, அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்தி பிடிஎஃப்பா குடுத்தேன். எழுத்து 20 பாயின்ட், இடது பக்கம் மட்டும் நேரா, தமிழ்ல வார்த்தை நீளம், ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டுனா நடுவுல ஓட்டை ஓட்டையா விழும். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாம இருக்க நாலு பக்கமும் படம் 3 மில்லிமீட்டர் வெளிய நீளுது, அதான் ப்ளீட், படம் 300 டிபிஐ, அங்குலத்துக்கு 300 புள்ளி.

ஸ்க்ரீன்ல வெளிச்சத்துல பாக்குற ஆர்ஜிபி கலர் அச்சுல நாலு மையில வர்ற சிஎம்ஒய்கேவா மாறும்போது பளிச்சுனு இருந்த நுங்குப் பச்சை மங்கிருச்சு, அது பரவால்ல. முகங்கதான் கவலையாயிருச்சு, பழுப்பு நெறத்துல கறுப்பு மை கூடி கண்ணும் புருவமும் தெரியாம இருண்டு போச்சு. கறுப்பா வரையிற நம்ம புக்குங்களுக்கு இது பெரிய பிரச்சனை, இதுக்கு பயந்தே பலபேரு வெளுப்பா வரையிறாங்களோன்னு கூட தோணும். நெறத்த வெளுக்காம, முகத்துல கறுப்பு மையோட சதவீதத்த மட்டும் கொறைச்சு, பின்னாடி இருக்கிற சுவர வெளிச்சமாக்கி, அதே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்ங்கிற கணக்கு) ஆர்ட் பேப்பர்ல திரும்ப ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பாத்த பிறகுதான் ஓகே சொன்னோம். ஆயிரம் காப்பி.

என்ன ஆச்சு

புக்கு வந்து சேந்தப்ப ஆனி மாசம், தென்காசியில சாரல். அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன் போட்டிருந்தோம், உள்பக்கம் ஈரத்த இழுத்து அட்டை எல்லாம் சுருண்டுக்கிச்சு. பண்டல் பண்டலா பலகை வச்சு அழுத்தி வச்சும் முழுசா நேராகல. நுங்கு சீசனும் முடிஞ்சிருந்துச்சு, கடைசி பக்கத்த பாத்து வண்டி செய்ய ஓடுன பிள்ளைங்களுக்கு காய் கெடைக்கல.

வாசிப்புல நாங்க எதிர்பாத்தத விட அதிகமா நடந்துச்சு. எழுத்து இல்லாத 12-13ல பிள்ளைங்க நிக்குறாங்க, திருப்ப விடுறதில்ல. யாரு மேல தப்புன்னு சண்டை போடுறாங்க, அவளும் சொல்லிட்டு போயிருக்கலாம்லன்னு ஒரு பக்கம், அதுக்காக ஒடைப்பாளான்னு ஒரு பக்கம். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒண்ணாங்கிளாஸ் பையன் தன் தங்கச்சிக்கு படத்த மட்டும் வச்சு முழு கதையையும் சொன்னான். மாடிக்கு வந்த ஒரு அம்மா திண்ணைப் படத்த பாத்துட்டு, தட்டு சரியா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

விக்கிறதுல சிக்கல் வந்துச்சு. டீச்சர் பயந்த மாதிரியே சில பள்ளிக்கூடங்கள்ல நீதி எங்கன்னு கேட்டு திருப்பிட்டாங்க. எழுத்தே கம்மியா இருக்கு, இதுக்கு இவ்வளவு வெலையான்னு பெத்தவங்க சிலர் கேட்டாங்க. மையத்து அண்ணன் அதுக்கு வாதம் பண்ணாம, வாசிச்சுக் காட்டாம யார்கிட்டயும் புக்க நீட்டுறதில்லன்னு மாத்திக்கிட்டாரு. பிள்ளைங்க நடுவுல வாசிச்சுக் காட்டுன பள்ளிக்கூடங்க அநேகமா எல்லாமே வாங்குச்சு. அப்படியும் ஒரு பங்கு காப்பி அடுத்த கோடை வரைக்கும் மாடியிலதான் இருந்துச்சு.

அடுத்த தடவ மாத்துறது

மறுபதிப்புக்கு பேசி முடிச்சாச்சு, அதுக்கான பட்டியல் இது.

அட்டை 250 ஜிஎஸ்எம்ல இருந்து 300 ஜிஎஸ்எம்முக்கு மாறணும், பேப்பரோட நார் முதுகுக்கு இணையா ஓடணும்னு பிரஸ்ல எழுதியே குடுக்கணும், குறுக்க ஓடுனா சுருளுறது கூடும். சீசன் சார்ந்த கதைன்னா முந்தின சீசன்லயே போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து வச்சுட்டுத்தான் ஓவியருக்கு கதைய குடுக்கணும், புக்கு சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடி கையில இருக்கணும். முடிஞ்சா ஓவியர் ஊருக்கு வந்து நாலு நாள் பிள்ளைங்களோட இருக்க பட்ஜெட்லயே காசு ஒதுக்கணும், வீடியோவுல அனுப்புனது போதல. முதல் வாசிப்புக்கு முழுக்கதைய எடுத்துட்டு போறதுக்கு பதிலா கதைய வாயால சொல்லிப் பாத்துட்டு அப்புறம் எழுதுனா வெட்டுற வேலை பாதியா கொறையும்னு டீச்சரே சொல்றாங்க, அடுத்த கதைய அவங்க இப்ப அப்படித்தான் ஆரம்பிச்சிருக்காங்க.

24ஆம் பக்கத்துல காய சீவுற படத்துல அரிவாள் புடிச்சிருக்கிறது பெரியவங்க கையா மாறுது. புக்குக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவுல இலவசம்தான், அத குடுக்கிற ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி வழியா விண்ணப்பம் போட்டாச்சு, முதல் பதிப்புல அது இல்லாததால நூலகங்களுக்கு குடுக்கும்போது பேச்சு வந்துச்சு. பாட்டியோட நீதிப்பக்கம் வேணும்னு கேட்டவங்களுக்காக உள்ளட்டையில டீச்சருக்குன்னு நாலு கேள்வி மட்டும் வருது, பிள்ளைங்ககிட்ட கேக்குறதுக்கு, பதில் எதுவும் போடாம.